மாமனாரும் நீலக் கரைசலும்

காவிரிப் பாலத்தின் நடுவில் பஸ் நின்றுவிட்டது. என் மடியில் ஒரு துணிப்பை, பைக்குள் ஒரு சீசா, சீசாவுக்குள் என் மாமனாரின் சிறுநீர்.

மூன்றையும் சேர்த்து நான் அணைத்துக்கொண்டிருந்த அழகைப் பக்கத்து ஸீட்டுக்காரர் வெகு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். காட்டூர்ப் பக்கம் வெற்றிலை வியாபாரமாம். பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டார்.

“இவ்வளவு பத்திரமா பிடிச்சிருக்கீங்களே, தேனுங்களா?”

“இனிப்புதாங்க” என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. பொய்யாக இருந்திருந்தால் எங்கள் குடும்பமே சந்தோஷப்பட்டிருக்கும்.

முன்னால் பஸ்ஸின் மூக்கிலிருந்து ஆவி சீறியது. கண்டக்டர் ஒரு தகர டப்பாவுடன் ஸீட் ஸீட்டாக வந்தார்.

“யாராச்சும் தண்ணி வச்சிருக்கீங்களா? ரெண்டு டம்ளர் ஊத்தினா வண்டி கிளம்பிடும். அண்ணே, அந்தச் சீசாவைக் கொடுங்க.”

“அது தேனுப்பா” என்றார் வியாபாரி.

“தேன் இப்படியா தளும்பும்?” என்று கண்டக்டர் என் பைக்குள் கையை விட்டார்.

அவ்வளவுதான். நான் பஸ்ஸிலிருந்து குதித்து, மீதிப் பாலத்தை ஓடியே கடந்தேன். பின்னால் யாரோ “டிக்கெட் எடுத்துட்டு ஓடுறாரே, பாவம்” என்று சொன்னது காதில் விழுந்தது.

சென்ற இதழில் என் கல்யாணத்தைப் பற்றி எழுதும்போது மாமனாரை ஒரே வரியில் முடித்துவிட்டேன். லால்குடியிலிருந்து ஒரு வாசகி, “பெண்ணைக் கொடுத்தவருக்கு ஒரு வரிதானா?” என்று கார்டு போட்டிருக்கிறார். நியாயமான கோபம். இந்த வாரம் முழுக்க அவருக்கே.

நடை பார்த்துக் கொடுத்த பெண்

என் மாமனார் வரதாச்சாரி, ஸ்ரீரங்கம் கோயிலில் ஸ்ரீபாதம் தாங்கி. பெருமாள் வீதியில் எழுந்தருளும்போது பல்லக்கின் தண்டுக்குத் தோள் கொடுக்கிறவர். அவர் அப்பாவும் அப்படி, அவருக்கு அப்பாவும் அப்படி.

தோளில் சுமப்பது பெரிய காரியமில்லை, யார் வேண்டுமானாலும் சுமக்கலாம் என்பார். நடைதான் காரியம். எல்லாக் கால்களும் ஒரே கணத்தில் எழுந்து ஒரே கணத்தில் மண்ணைத் தொட வேண்டும். பெருமாள் புறப்படும்போது ஒரு நடை, திரும்பும்போது ஒரு நடை. சிங்கம் போல, யானை போல என்று அவற்றுக்குப் பெயர்கூட உண்டு. மேலே குடை ஆடலாம், மாலை ஆடலாம், தோள் மட்டும் குலுங்கக் கூடாது.

இதனால் அவருக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. மனிதர்களின் முகத்தையே பார்க்க மாட்டார். காலைத்தான் பார்ப்பார்.

பெண் பார்க்க நாங்கள் போயிருந்தபோது என் சம்பளம், படிப்பு எதையும் அவர் கேட்கவில்லை. “மாப்பிள்ளை வாசல் வரைக்கும் ஒரு தடவை நடந்துட்டு வரட்டுமே” என்றார். என் அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது, குதிரையா வாங்குகிறார்கள் என்று. நான் நடந்துவிட்டு வந்தேன். “தோள் ஆடலை. கோமளத்தைக் கொடுக்கலாம்” என்றார். இதைச் சொல்லிச் சொல்லி என் மனைவி கோமளம் என்னைப் படுத்திய பாடு தனிக் கதை.

அப்படிப்பட்ட மனிதரின் வலது கால் கட்டை விரலில் ஒரு கருங்கல் சில்லு குத்தியது. புண் ஆறவில்லை. ஒரு மாதம் பச்சிலை கட்டினார்கள். விரல் கறுக்கத் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் காட்டியபோது சர்க்கரை வியாதி என்றார்கள். விரலை எடுத்துவிடுவது நல்லது என்றும் சொன்னார்கள்.

மாமனார் வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டார். கட்டை விரல் இல்லாமல் அந்த நடை வராது. அதோடு, உடம்பில் ஓர் உறுப்புக் குறைந்தவர் பெருமாளுக்குத் தோள் கொடுப்பது அவர்கள் வழக்கத்தில் இல்லை. விரல் போனால் அவர் வாழ்க்கையே போன மாதிரி. பங்குனி உற்சவத்துக்கு இரண்டரை மாதம் இருந்தது.

மாடியும் கீழ்வீடும்

திருச்சி தென்னூரில் ஒரு மாடி வீடு. கீழே டாக்டர் பொன்னையா, மாடியில் டாக்டர் அருளப்பன். ஒன்றாகப் படித்தவர்கள், ஒன்றாகவே பிராக்டீஸ் ஆரம்பித்தவர்கள். ஒன்றாகச் சாப்பிடுவார்கள். அபிப்பிராயத்தில் மட்டும் ஒரு நாளும் ஒன்றுசேர்ந்ததில்லை. சண்டை முழுக்க மாடிப்படி வழியாகவே நடக்கும். நடுவில் காத்திருக்கும் நோயாளிகளுக்கு வைத்தியத்தோடு இதுவும் இலவசம்.

எங்கள் கேஸ் வந்து சேர்ந்தது அப்படிப்பட்ட இடத்துக்கு.

இன்சுலின் என்ற மருந்து வந்து அப்போது பதினைந்து வருஷம் இருக்கும். அதற்கு முன்னால் இந்த வியாதிக்குப் பட்டினிதான் வைத்தியம். சர்க்கரையால் சாகாதவன் பசியால் செத்தான் என்று பொன்னையாவே சொல்வார். இன்சுலின் வந்தபோது டாக்டர்கள் ஆனந்தக் கூத்தாடினார்கள். வியாதியின் குட்டு வெளிப்பட்டது, கணையத்தில் இன்சுலின் ஊறவில்லை, வெளியிலிருந்து கொடுத்தால் தீர்ந்தது என்றார்கள்.

பிறகுதான் சங்கடம் வந்தது. சிலருக்கு ஒரு துளி ஊசியில் சர்க்கரை இறங்கியது. சிலருக்கு எவ்வளவு குத்தினாலும் அசையவில்லை. அப்படியானால் இன்சுலின் இல்லாததுதான் வியாதியா, அல்லது இருக்கிற இன்சுலினுக்கு உடம்பு கட்டுப்படாததும் ஒரு வியாதியா? சீமைப் பத்திரிகைகளில் அப்போது இதுதான் பேச்சு. அந்தப் பத்திரிகைகள் கப்பலேறித் தென்னூருக்கு வந்ததும் மாடிப்படியில் சண்டை சூடு பிடித்தது.

பொன்னையா துறையூர் விவசாயக் குடும்பம். “தம்பி, ஏரி வத்திப்போச்சுன்னா என்ன செய்வோம்? தண்ணியக் கொண்டாந்து விடுவோம். இன்சுலின் இல்லை, கொடு. அவ்வளவுதாங்க விஷயம்” என்றார் என்னிடம்.

மாடியிலிருந்து குரல் வந்தது. “ஏரியில தண்ணி நிறையத்தான்யா இருக்கு! மதகு துருப்பிடிச்சுத் திறக்க மாட்டேங்குது. நீ மேல மேல தண்ணியை ஊத்திக் கரையை உடைக்காதே!”

“மதகை நீ பாத்தியா?”

“ஏரியை நீ பாத்தியா?”

இருவரும் எதையும் பார்க்கவில்லை என்பது எனக்கே தெரிந்தது. ஆனால் என் மாமனார் மூலம் பார்த்துவிடலாம் என்று இருவரும் முடிவு செய்தார்கள். ஆறு வாரம் கெடு. அதற்குள் சர்க்கரை இறங்கினால் புண் ஆறும், விரல் தப்பும். இல்லாவிட்டால் கத்திதான்.

நான் ஒரு கல்லூரியில் ரசாயன டெமான்ஸ்ட்ரேட்டர். ஆகையால் தினசரிப் பரிசோதனை என் தலையில் விழுந்தது. குழாயில் நீலக் கரைசலை ஊற்றி, மேற்படி திரவத்தில் எட்டுச் சொட்டு விட்டுக் காய்ச்ச வேண்டும். சர்க்கரை இல்லையென்றால் நீலம் நீலமாகவே இருக்கும். கொஞ்சம் இருந்தால் பச்சை, இன்னும் இருந்தால் மஞ்சள். நிறைய இருந்தால் செங்கல் நிறம்.

மாமனாருடையது செங்கல் சூளையாகவே இருந்தது.

சேவித்துவிட்டு ஒரு குத்து

ஊசி போடுகிற வேலையும் எனக்கே வந்தது. கம்பவுண்டர் கையால் போட்டுக்கொள்ள அவர் சம்மதிக்கவில்லை. மாப்பிள்ளை என்றால் பரவாயில்லையாம்.

விடிந்ததும் ஸ்ரீரங்கம் போவேன். கோமளம் அங்கேயே தங்கியிருந்தாள். கண்ணாடிப் பீச்சாங்குழலை வெந்நீரில் போட்டு எடுத்து வைத்திருப்பாள். மருந்துச் சீசா கிணற்றடியில், ஈர மணல் நிரப்பிய பானைக்குள் புதைத்திருக்கும். சமையலறைக்குள் அதை அனுமதிக்க என் மாமியார் மறுத்துவிட்டார். ஊசி போடும் முன் மாமனாரை விழுந்து சேவிப்பேன். பெரியவர்களைக் குத்துவதற்கு முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுவிடுவது நல்லதல்லவா? எழுந்து ஒரு குத்து.

“க்ஷேமமா இருங்கோ” என்று அவர் சொல்வதும் ஊசி இறங்குவதும் ஒரே நேரத்தில் நடக்கும்.

என்னிடம் மட்டும் ஒரு ரகசியம் இருந்தது. இன்சுலினை எதிலிருந்து எடுக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். மாடும் பன்றியும் அறுக்கிற இடத்தில் கிடைக்கும் கணையத்திலிருந்து. சீசாவின் லேபிளில் பொடி எழுத்தில் அது அச்சாகியும் இருந்தது. வெங்காயம்கூட வாசல் தாண்டி வராத வீடு அது.

முதல் நாளே கிணற்றடியில் உட்கார்ந்து லேபிளை நனைத்து, கட்டை விரல் நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு சீசாவுக்கும் அதே சடங்கு. அவர் கேட்டால் என்ன சொல்வது என்று பஸ்ஸில் ஒத்திகை பார்ப்பேன். மூலிகை என்று சொல்லலாமா? சீமை மூலிகை?

அவர் கேட்கவே இல்லை. மொட்டைச் சீசாவை ஒரு தடவை பார்ப்பார், கையை நீட்டுவார்.

ஊசி முடிந்ததும் பென்சிலும் தாளும் எடுப்பேன். முந்தின நாள் அவர் சாப்பிட்டதெல்லாம் அதில் ஏற வேண்டும்.

“என்ன சாப்ட்டேள் மாமா?”

“ரெண்டு கோதுமை ரொட்டி. கீரை. மோர் ஒரு டம்ளர். அரிசி ஒரு பருக்கை தொடலை.”

“சாயந்திரம்?”

“புடலங்காய். அப்பறம் அந்தப் பாழாப்போன ரொட்டி.”

பொய் சொல்லத் தெரியாத மனிதர். நான் ஒரு வரி விடாமல் எழுதுவேன். எழுதி முடிப்பதற்குள் மாமியார் ஒரு வாழையிலைத் துண்டில் எனக்குக் கோயில் பிரசாதம் கொண்டுவந்து வைப்பார். வெல்லமும் நெய்யும் வழிகிற அரவணைச் சாதம். ஏலக்காய் வாசனை கூடம் முழுக்க நிற்கும். நான் அதைச் சாப்பிட்டுவிட்டு, சீசாவையும் தாளையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்புவேன்.

காவிரிக்கு அந்தப் பக்கம் சிவப்பு

பத்து யூனிட்டில் ஆரம்பித்தோம். செங்கல். இருபது ஆக்கினோம். செங்கல். முப்பது, நாற்பது. குழாய் கொஞ்சமும் வெட்கப்படவில்லை.

சாயந்திரம் நான் தென்னூர் போய் நிறத்தைச் சொல்லும் முன்பே மாடியிலிருந்து குரல் வரும். “கீழே! இன்னிக்கும் சிவப்புதானே?” அருளப்பனுக்கு உற்சாகம் தாங்காது. இன்சுலினுக்குக் கட்டுப்படாத உடம்பு, புஸ்தகத்தில் போட வேண்டிய கேஸ் என்பார்.

“மருந்து கெட்டுப்போயிருக்கும். திருச்சி வெயிலுக்கு மணல் பானை எம்மாத்திரம்?” என்பார் பொன்னையா. ஆனால் அவர் குரலில் சுருதி குறைந்திருந்தது.

எனக்கு யார் ஜெயித்தாலும் ஒன்றுதான். விரல் ஜெயிக்க வேண்டும். நாலு வாரம் போய்விட்டது. கோமளம் புண்ணைக் கழுவிக் கட்டும்போது வாய் ஓயாமல் ஏதாவது வேடிக்கை பேசுவாள். பிறகு கிணற்றடிக்குப் போய் வெகு நேரம் முகம் கழுவுவாள். எனக்கு அவளைப் பார்க்கவே பயமாக இருந்தது.

கடைசியில் பொன்னையா ஒரு யோசனை சொன்னார். மூன்று நாள் மாமனார் தென்னூரில் தங்கட்டும். கீழ்வீட்டுப் பின்கட்டில் மாமியாரே சமைக்கட்டும். அதே ரொட்டி, அதே கீரை, அதே நாற்பது யூனிட். கண்ணெதிரில் பார்த்துவிடலாம்.

முதல் நாள் மஞ்சள். இரண்டாம் நாள் பச்சை.

மூன்றாம் நாள் காலை குழாயைக் காய்ச்சினேன். காய்ச்சிக்கொண்டே இருந்தேன். நீலம்! மயில் கழுத்து மாதிரி நீலம். கல்லூரி லாபில் நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்புப் பேராசிரியர் எட்டிப் பார்த்து, “என்ன கண்டுபிடிச்சீங்க?” என்று கேட்டார். “மாமனாரை” என்றேன்.

குழாயோடு தென்னூருக்கு ஓடினேன். அங்கே மாமனார் வேர்த்துக் கொட்டி, கை நடுங்க, பொன்னையாவிடம், “உம்ம நாற்காலி நடக்கறது, ஆனா நடை சரியில்லை” என்று சொல்லிக்கொண்டிருந்தார். பொன்னையா அவசரமாகச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டினார். பத்து நிமிஷத்தில் தெளிந்துவிட்டார்.

“இன்சுலின் ஜாஸ்தியாப் போச்சு” என்றார் பொன்னையா, முகமெல்லாம் பல்லாக. “வேர்க்கும், நடுங்கும், பேச்சு குழறும். உடனே இனிப்பு கொடுக்கணும், இல்லேன்னா ஆபத்து. ஞாபகம் வச்சுக்குங்க. அருளப்பா! உன் மதகு திறந்துருச்சுய்யா!”

மாடியில் கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

மாமனார் வீட்டுக்குத் திரும்பினார். மறு நாளைக்கு மறு நாள் குழாய் செங்கல் நிறம்.

புது மருந்துச் சீசா கொண்டுபோனேன். பானைக்கு ஐஸ் கட்டி வாங்கிப் போட்டேன். செங்கல்தான். காவிரிக்கு இந்தப் பக்கம் நீலம், அந்தப் பக்கம் சிவப்பு. ஆற்றைத் தாண்டினால் ஒரு மனிதனின் கணையம் மாறுமா? கொள்ளிடத்துத் தண்ணீர் காரணமாக இருக்குமோ என்று அருளப்பன் கேட்டார். கவலைப்பட்டால் சர்க்கரை ஏறும், ஊரில் ஏதோ மனக்கஷ்டம் என்றார் பொன்னையா. அவருடைய மனக்கஷ்டம் என்று யோசித்துப் பார்த்தால் நான் ஒருவன்தான் தினமும் அங்கே போய்க்கொண்டிருந்தேன்.

நெய்க்கறை

ஐந்தாம் வாரத்தில் ஒரு சாயந்திரம். இரண்டு டாக்டர்களும் கீழ்வீட்டு மேஜையில் என் தாள்களை வரிசையாகப் பரப்பிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அருளப்பன் ஒரு தாளைத் தூக்கி விளக்கு வெளிச்சத்தில் பிடித்தார். மூக்கருகே கொண்டுபோனார்.

“இதென்ன தம்பி, நெய் வாசனை?”

“என் கைங்க சார். பிரசாதம் சாப்பிட்ட கையோட தாளை எடுத்தேன்.”

“என்ன பிரசாதம்?”

“அரவணை. வெல்லம், நெய் போட்ட சாதம். தினமும் வரும் சார்.”

“யாருக்கு வரும்?”

“மாமாவுக்குத்தான். கோயில் கைங்கர்யக்காரங்களுக்குப் பங்கு உண்டு.”

பொன்னையா மெதுவாக நிமிர்ந்தார். “அதை அவர் என்ன செய்வாரு?”

“சாப்பிடுவார்.”

“தினமுமா?”

“தினமும். இப்ப உடம்பு சரியில்லைன்னு மத்த ஸ்ரீபாதம் தாங்கிகளும் அவங்க பங்கிலேர்ந்து கொண்டாந்து கொடுக்கறாங்க. நேத்து வெல்லம் போட்ட செல்வரப்பம்கூட வந்தது...”

சொல்லும்போதே என் குரல் தேய்ந்துவிட்டது.

“தாள்ல ஏன் எழுதலை?” என்று இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள். அவர்கள் ஒத்துப்போய் நான் கேட்ட முதல் வாக்கியம் அது.

“நீங்க சாப்பாட்டைத்தானே எழுதச் சொன்னீங்க? இது பிரசாதமாச்சே சார்” என்றேன்.

இப்படிச் சொன்னவன் ரசாயனத்தில் பட்டம் பெற்றவன். குழாயில் எட்டுச் சொட்டு, ஒன்பது சொட்டு என்று கணக்குப் பார்த்தவன். அந்தச் சாதத்தை அவர் எதிரில் உட்கார்ந்து தானும் தின்றவன். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அது சாப்பாடு என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. எங்களில் யாருக்கும் தோன்றாது. ஏகாதசி வந்தால் சாப்பாடு இல்லை என்போம், பலகாரம் தின்போம். சாப்பாட்டுக்குக் கணக்கு உண்டு, பிரசாதத்துக்கு ஏது?

இரண்டு டாக்டர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் அருளப்பனுக்கு வயிறு குலுங்கியது. அப்புறம் பொன்னையாவுக்கு. இருவரும் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். காத்திருந்த நோயாளிகள் காரணம் தெரியாமலே சிரித்தார்கள்.

“ஏரியுமில்லை, மதகுமில்லை. அஞ்சு வாரமா அரவணைச் சோத்தோடல்ல சண்டை போட்டிருக்கோம்!” என்றார் பொன்னையா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

மறு நாள் காலை மாமனாரிடம் போய் நின்றேன். “பிரசாதம் எடுத்துக்கறேள்னு சொல்லவே இல்லையே மாமா!”

“நீங்க கேக்கலையே” என்றார், ஆச்சரியத்தோடு.

“தென்னூர்ல எப்படி...”

“ஆஸ்பத்திரி மாதிரி இடத்துக்குள்ள பெருமாள் பிரசாதத்தை எடுத்துண்டு வருவாளா யாராவது?”

நிறுத்தச் சொன்னால் நிறுத்த மாட்டார். பெருமாள் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வராது. டாக்டர்கள் என்ன சொன்னாலும் சரி என்று தலையை ஆட்டுவார், அரவணை வந்தால் கையை நீட்டுவார். கோமளம்தான் வழி கண்டுபிடித்தாள்.

“ஏம்பா, ஒரு பருக்கை எடுத்துண்டா பிரசாதம் ஆகாதா? முழு இலையும் ஆனாத்தான் பெருமாள் ஒத்துப்பாரா?”

மாமனார் யோசித்தார். வெகு நேரம் யோசித்தார். “ஒரு பருக்கையும் பிரசாதம்தான்” என்றார்.

அன்றிலிருந்து அவருக்கு ஒரு பருக்கை, மீதி மாப்பிள்ளைக்கு. பங்குனிக்குள் என் சட்டைகளுக்குப் பொத்தான் போட முடியாமல் போனது. ஊசியைப் பதினெட்டு யூனிட்டாகக் குறைத்தார்கள். குழாய் ஸ்ரீரங்கத்திலும் நீலம் காட்டியது. கெடுவை இன்னும் இரண்டு வாரம் நீட்டினார்கள். விரலில் கறுப்பு பின்வாங்கி, ரோஜா நிறத்தில் புதுத் தோல் எட்டிப் பார்த்தது. கோமளம் அதைப் பார்த்துவிட்டுக் கிணற்றடிக்கு ஓடவில்லை. அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். நானும் அழுதேன், எனக்கென்ன?

பானகம்

பங்குனி உற்சவத்தில் மாமனார் தோள் கொடுத்த காலை. சித்திரை வீதியில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். டாக்டர்கள் இருவரும் வந்திருந்தார்கள், தங்கள் கேஸைப் பார்க்க.

நான் வழக்கம்போல் விடியற்காலையில் சேவித்து ஊசி போட்டிருந்தேன். தாளில் எழுதத்தான் நேரமில்லை.

பல்லக்கு திருப்பத்தில் தெரிந்தது. வலது பக்க முன் தண்டில் மாமனார். அந்த நடையை நான் எப்படிச் சொல்வேன்? மூன்று மாதம் படுத்துக் கிடந்த மனிதரா இவர் என்று இருந்தது. மணலில் அத்தனை பாதங்களும் சேர்ந்து விழும் ஒரே ஒரு சத்தம். எனக்கு மெய்சிலிர்த்தது. பக்கத்தில் நின்றவரிடம், “வலது பக்கம் முன்னால போறாரே, என் மாமனார்” என்றேன். அவருக்கு அடுத்து நின்றவரிடமும் சொன்னேன்.

அப்போது அந்த ஒரே சத்தம் இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாதம் மட்டும் அரைக் கணம் பிந்தி விழுந்தது. மறுபடியும்.

முகத்தைப் பார்த்தேன். வேர்வை தாரை தாரையாக வழிந்தது. வெயிலுக்கு எல்லோருக்கும்தான் வேர்த்தது. ஆனால் என் மாமனாருக்கு நடை தப்புமா?

கைங்கர்யம் முடியும் வரை அவர் பச்சைத் தண்ணீர்கூடத் தொட மாட்டார். வெறும் வயிற்றில் ஊசியைக் குத்தி அனுப்பியிருக்கிறேன். சாப்பிட்டீர்களா என்று இன்றும் கேட்கவில்லை!

மண்டபத்துக்கு இன்னும் முப்பது அடி. கூட்டத்தை இடித்துக்கொண்டு பக்கத்தில் போனேன். பொன்னையா எச்சரித்ததிலிருந்து மடியிலேயே வைத்திருந்த கற்கண்டை எடுத்து நீட்டினேன்.

“மாமா, வாயைத் திறங்கோ!”

“கைங்கர்யத்துல... வாயில ஒண்ணும்... படக்கூடாது” என்றார். நாக்கு குழறியது. கண் எங்கோ பார்த்தது. ஆனால் தோள் குலுங்கவில்லை. கால் தடுமாறினாலும் தோள் ஒரு நூல் அசையவில்லை. அவர் விழுந்தால் பல்லக்கே சரியும். அந்த முப்பது அடியில் நான் வேண்டிக்கொண்ட அளவுக்கு அதற்கு முன்னும் பின்னும் வேண்டிக்கொண்டதில்லை.

பல்லக்கு மண்டபத்தில் இறங்கியது. மாமனார் தூணைப் பிடித்துக்கொண்டு சரிந்து உட்கார்ந்தார். பெருமாளுக்குப் பானகம் அமுது செய்வித்தார்கள். வெல்லமும் சுக்கும் ஏலமும் கரைத்த பானகம்! நான் பரிசாரகர் கையிலிருந்த பெரிய வட்டிலை ஏறக்குறையப் பிடுங்கினேன்.

“மாமா, இது பிரசாதம்.”

கையை நீட்டினார். பருக்கைக் கணக்கெல்லாம் அன்று இல்லை. ஒரு வட்டில், இன்னொரு வட்டில்.

“நோன்பு முறிஞ்சுடுத்தோன்னோ?” என்று யாரோ கூட்டத்தில் கேட்டார்.

“பிரசாதம் என்ன சாப்பாடா?” என்று நான் அவர்மேல் பாய்ந்தேன்.

பத்து நிமிஷத்தில் மாமனார் எழுந்து நின்றார். வேட்டியை இறுக்கிக்கொண்டார். மறுபடியும் தண்டுக்குக் கீழே போனார். பல்லக்கு எழுந்தது. ஒரே சத்தம்.

எனக்குப் பின்னால் ஒரே ஒரு பானக டம்ளரோடு இரண்டு டாக்டர்களும் நின்றிருந்தார்கள்.

“பாத்தியா? இன்சுலின் எப்படி வேலை செய்யுதுன்னு பாத்தியா?” என்றார் பொன்னையா.

“அதே பதினெட்டுதான்யா தினமும்! இன்னிக்கு மட்டும் ஏன் இவ்வளவு கேக்குது? வெறும் வயிறு பாதி. மீதி, நடந்திருக்காரு, சுமந்திருக்காரு. உடம்பு அசைஞ்சதும் மதகு திறந்திருக்கு!”

“பட்டினிய்யா! முழுக்கப் பட்டினி!”

வடம் பிடிக்கிற மாதிரி அந்த டம்ளரை இருவரும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். நான் இருவர் காலிலும் விழுந்து சேவித்தேன். சண்டை ஒரு விநாடி நின்று மறுபடி தொடங்கியது. இத்தனை வருஷம் கழித்து அந்த ஏரியும் மதகும் இரண்டுமே உண்டு என்று படிக்கிறேன். இருவரும் உயிரோடிருந்தால், எது முதலில் என்று சண்டை போட்டிருப்பார்கள்.

கேட்காத கேள்வி

அன்று பிற்பகல் மாமனார் கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். விரலைச் சுற்றிப் பார்த்தேன். மணல் ஒட்டியிருந்தது, காயம் இல்லை. துடைத்துவிட்டேன்.

அவர் முகத்தில் இருந்த திருப்தியைப் பார்த்ததும் எனக்குள் இருந்த ரகசியம் தொண்டைக்கு வந்துவிட்டது. இந்த மனிதர் எனக்குப் பொய்யே சொன்னதில்லை. நான் மட்டும் நகத்தால் லேபிளைச் சுரண்டிக்கொண்டிருக்கிறேன்.

“மாமா, ஒண்ணு சொல்லணும். அந்த மருந்து இருக்கே, அதை எதிலேர்ந்து எடுக்கறான்னா...”

அவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

“மாப்பிள்ளே, நான் கேட்டேனா?”

“இல்லை. ஆனா...”

“முதல் நாள் நீங்க கிணத்தடிக்குப் போய்ட்டு வந்தேளே, அன்னிக்கே உங்க நடை சரியில்லை. தோள் ஆடித்து. ஏதோ இருக்குன்னு புரிஞ்சுண்டேன்.” காலை மடக்கிக்கொண்டார். “நான் கேட்டா நீங்க பொய் சொல்லணும், இல்லைன்னா நான் ஊசியை நிறுத்தணும். நிறுத்தினா பெருமாளை யார் தூக்கறது? அதான் கேக்கலை.”

நான் எழுந்து சேவித்தேன்.

“நாளைக்கு விடியறதுக்கு முன்னாடி வந்துடுங்கோ” என்றார். “பத்து யூனிட் போறும்னு டாக்டர் சொன்னார். அப்பறம் அந்தச் சீசாவை நன்னா சுரண்டுங்கோ. நேத்து ஒரு மாட்டுக் கொம்பு மாதிரி ஏதோ படம் மீதி இருந்தது.”